பூச்சியின் இரத்தத்தில் கொழுப்பு எப்படிப் பயணம் போகிறது?

கரப்பான்பூச்சியைச் செருப்பால் அடித்திருக்கிறீர்களா? ஓடு உடைந்ததும் வயிற்றுப் பக்கத்திலிருந்து வெள்ளையாக, திரிந்த பால் போல ஒன்று பிதுங்கி வரும். முகத்தைச் சுளித்துக்கொண்டு துடைத்துப் போட்டுவிடுவோம். சிலர் அதைச் சீழ் என்பார்கள், சிலர் கரப்பானின் இரத்தமே வெள்ளைதான் என்பார்கள். இரண்டும் இல்லை. அதில் பெரும்பங்கு அந்தப் பூச்சி கஷ்ட காலத்துக்கென்று சேர்த்து வைத்த கொழுப்பு. கூடவே கொஞ்சம் யூரேட் உப்பும் இருக்கும். அந்த வெள்ளைத் திசுவுக்குக் கொழுப்பு உறுப்பு என்று பெயர்.

ஏறத்தாழ எல்லாப் பூச்சிகளுக்கும் இது உண்டு. நம் வயிற்றில் தொங்கும் கொழுப்பு மாதிரி சும்மா கிடக்கிற திசு அல்ல. நம் உடலில் கல்லீரல் செய்கிற வேலையையும் கொழுப்புத் திசு செய்கிற வேலையையும் பூச்சியில் இது ஒன்றே பார்த்துக்கொள்கிறது. சேமிப்பது, புரதம் தயாரிப்பது, நஞ்சை முறிப்பது, நோய்க்கிருமி வந்தால் அதை எதிர்க்கும் மருந்தைச் சுரப்பது எல்லாம் அதன் பொறுப்புதான். மழைக்காலத்தில் ஈசல் வறுத்துத் தின்ற ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சட்டி சூடானதும் ஈசலே எண்ணெய் விடும். புற்றைவிட்டுப் பறந்துபோய்ப் புதுக் குடித்தனம் தொடங்கப்போகும் கரையான் ஜோடி, முதல் வேலைக்காரக் கரையான்கள் வளர்ந்து வரும்வரை தாங்குவதற்காகக் கட்டிக்கொண்டு கிளம்பிய கட்டுச்சோறு அந்த எண்ணெய்.

சரி, கட்டுச்சோறு வயிற்றில் இருக்கிறது. பசிப்பதோ நெஞ்சுப் பகுதியில் இருக்கும் சிறகுத் தசைக்கு. இடையில் அதை யார் கொண்டுபோய்க் கொடுப்பது? இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

கேள்வியின் கனம் புரிய வேண்டுமென்றால் வெட்டுக்கிளியைப் பார்க்க வேண்டும். 1988 அக்டோபரில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிளம்பிய பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டங்கள் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து கரீபியன் தீவுகளில் போய் இறங்கின. சுமார் 5,000 கி.மீ. தூரம், பத்து நாள் அளவில். காற்று பின்னாலிருந்து தள்ளியது உண்மைதான். ஆனாலும் ஏறக்குறைய இரண்டு கிராம் எடையுள்ள ஓர் உயிர், வழியில் ஒரு இலைகூடக் கிடைக்காத கடல்மேல் சிறகடித்துக்கொண்டே போயிருக்கிறது.

வெட்டுக்கிளி பறக்கத் தொடங்கும்போது முதலில் எரிப்பது சர்க்கரையை. பூச்சிகளின் இரத்தத்தில் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை ஓடுகிறது. இரண்டு குளுக்கோஸ் கைகோத்தது போன்றது அது. தண்ணீரில் கரையும், உடனே கிடைக்கும். ஆனால் அதிக நேரம் தாங்காது. பறக்க ஆரம்பித்து அரை மணி நேரத்துக்குள் வெட்டுக்கிளி மெல்ல மெல்லக் கொழுப்புக்கு மாறிவிடுகிறது. நீண்ட பயணத்துக்குக் கொழுப்பை விஞ்சிய சரக்கு கிடையாது. ஒரு கிராம் சர்க்கரை எரிந்தால் 4 கிலோகலோரி, ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் 9. மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேமித்தால் அதோடு தண்ணீரையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். கொழுப்பை உலர்ந்தபடியே அடுக்கி வைக்கலாம். போதாக்குறைக்கு, ஒரு கிராம் கொழுப்பு எரியும்போது ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீரும் உண்டாகிறது. வெயிலில் பறக்கிற உயிருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இவ்வளவு நல்ல எரிபொருளில் ஒரே ஒரு சிக்கல்: அது தண்ணீரோடு சேராது. ரசத்தில் தாளித்துக் கொட்டிய எண்ணெய் வட்ட வட்டமாக மேலே மிதப்பதைத் தினமும் பார்க்கிறோம். பூச்சியின் இரத்தமும் பெரும்பாலும் தண்ணீர்தான். அதற்கு ஹீமோலிம்ஃப் என்று பெயர். நம்முடையதைப்போல் குழாய்களுக்குள் அடங்கி ஓடுவதில்லை. முதுகை ஒட்டி நீளும் ஒரு குழாய் இதயம் அதைத் தலைப்பக்கம் தள்ளிவிடும். அங்கிருந்து அது உடல் முழுக்க உறுப்புகளுக்கிடையே பரவி வழிந்து திரும்ப வரும். தசை, குடல், கொழுப்பு உறுப்பு எல்லாமே அந்தத் திரவத்தில் நனைந்தபடி கிடக்கின்றன. ஆக்சிஜனைக் கொண்டுபோகும் வேலை அதற்கு இல்லை. காற்றுக்குத் தனியாகக் குழாய்கள் இருக்கின்றன. உணவைக் கொண்டுபோவதுதான் அதன் முக்கியமான வேலை. அந்தத் தண்ணீரில் கொழுப்பை அப்படியே கொட்டினால் திரண்டு மிதக்குமே தவிர, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேராது.

நம் உடல் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கிறது. பட்டினி கிடக்கும்போது நம் கொழுப்புத் திசு, கொழுப்பை உடைத்துத் தனித்தனிக் கொழுப்பு அமிலங்களாக இரத்தத்தில் விடும். அல்புமின் என்ற புரதம் அவற்றைப் பிடித்துக்கொண்டு தசைக்குப் போகும். பூச்சியிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைப்பதுதான் இயல்பு.

1964-இல் ஹருவோ சினோ என்ற ஜப்பானிய விஞ்ஞானியும் லாரன்ஸ் கில்பர்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் இதைச் சோதித்தார்கள். பூச்சியின் கொழுப்பு உறுப்பைத் தனியே எடுத்து, கதிரியக்க அடையாளம் இட்ட கொழுப்பு அமிலத்தை அதற்கு ஊட்டி, பிறகு அது எந்த வடிவத்தில் கொழுப்பை வெளியே விடுகிறது என்று பார்த்தார்கள். வெளியே வந்ததில் பெரும்பகுதி தனிக் கொழுப்பு அமிலம் இல்லை, டைகிளிசரைடு. அதுவும் சுற்றியுள்ள திரவத்தில் பூச்சியின் இரத்தம் கலந்திருந்தால்தான் ஒழுங்காக வந்தது. இரத்தத்தில் ஏதோ ஒரு புரதம் அதை வாங்கிக்கொள்ளக் காத்திருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

டைகிளிசரைடு என்றால் என்ன? சேமிப்பில் இருக்கும் கொழுப்பு ட்ரைகிளிசரைடு. கிளிசரால் என்ற சின்னக் கொக்கியில் மூன்று நீளமான கொழுப்பு அமில நூல்கள் மாட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இடமும் நிரம்பிவிட்டதால் தண்ணீருக்குப் பிடிகொடுக்க அதில் எதுவும் மிச்சமில்லை. அடுக்கி வைப்பதற்கு மிக வசதி, நகர்த்துவதற்குத்தான் சிரமம். ஒரு நூலைக் கழற்றிவிட்டால் கொக்கியில் ஓர் இடம் காலியாகும். அந்த இடத்துக்குத் தண்ணீரைக் கொஞ்சம் பிடிக்கும். இப்போது அது எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் விளிம்பில் வந்து நிற்கக்கூடிய பொருளாகிவிடுகிறது. அதைச் சேமிப்பிலிருந்து கிளப்பி ஏற்றுவதும் எளிது, இறக்குவதும் எளிது. மூன்று நூலையும் கழற்றினால் என்ன என்று கேட்கலாம். தனிக் கொழுப்பு அமிலம் சோப்பு மாதிரி, மிகுந்துபோனால் செல்லின் சவ்வைக் குலைத்துவிடும். எனக்கென்னவோ இந்த இரண்டு நூல் ஏற்பாடு மிகப் பக்குவமான சமரசமாகத் தெரிகிறது.

அந்தப் புரதத்தை சினோவின் குழு பிற்பாடு பிரித்தெடுத்தது. 1981-இல் அதற்கு லிப்போஃபோரின் என்ற பெயர் முன்வைக்கப்பட்டது. கிரேக்க வேர்ச்சொற்களின்படி 'கொழுப்பைச் சுமப்பது' என்று பொருள்.

லிப்போஃபோரின் ஒற்றைப் புரதம் அல்ல, புரதமும் கொழுப்பும் சேர்ந்த நுண்ணிய உருண்டை. உள்ளே டைகிளிசரைடும் வேறு சில எண்ணெய்ப் பொருள்களும் இருக்கும். மேலே ஒரு மெல்லிய தோல், பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகளால் ஆனது. அவற்றின் எண்ணெய்ப் பக்கம் உள்நோக்கியும் தண்ணீருக்கு இணங்கும் பக்கம் வெளிநோக்கியும் நிற்கும். அந்தத் தோலை இழுத்துக் கட்டியதுபோல் இரண்டு புரதங்கள், ஒன்று பெரியது, மற்றது அதைவிடச் சிறியது. இரண்டும் ஒரே நீளப் புரதமாகத் தயாராகி, பிறகு இரண்டாக வெட்டப்படுபவை. நம் இரத்தத்தில் கெட்ட கொழுப்பு என்று மருத்துவர்கள் சொல்லும் எல்டிஎல் உருண்டையிலுள்ள புரதத்துக்கு இது தூரத்து உறவு. பூச்சியும் மனிதனும் ஒரே பாட்டன் வீட்டுச் சொத்தைப் பிரித்துக்கொண்டு போனவர்கள்.

ஆனால் அந்தச் சொத்தை இருவரும் வைத்துக்கொள்ளும் விதம் வேறு.

நம் எல்டிஎல் பால் பாக்கெட் மாதிரி. செல் அதை உள்ளே இழுத்து, பிரித்து, உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு, உறையையும் சேர்த்துச் சிதைத்துவிடும். அடுத்த முறைக்குக் கல்லீரல் புது உறை செய்தாக வேண்டும். லிப்போஃபோரினோ வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் மாதிரி. நிரம்பி வரும், வீட்டில் கவிழ்த்துக்கொள்வார்கள், காலி கேன் திரும்பிப் போய் மறுபடி நிரம்பும். கேனை யாரும் உடைப்பதில்லை. கொழுப்பு உறுப்பில் ஏற்று, தசையில் இறக்கு, திரும்பி வா, மறுபடி ஏற்று. பூச்சியின் கொழுப்புப் போக்குவரத்தில் நான் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். கடலுக்கு நடுவே பறக்கும் வெட்டுக்கிளி ஒவ்வொரு நடைக்கும் புதுப் புரதம் செய்துகொண்டிருந்தால் கட்டுப்படியாகாது.

இனி வேலை நடக்கும் வரிசையைப் பார்ப்போம்.

உத்தரவு தலையிலிருந்து வருகிறது. மூளைக்குப் பின்னால், இதயக் குழாயை ஒட்டி, கார்ப்போரா கார்டியாக்கா என்ற குட்டிச் சுரப்பி இருக்கிறது. 1969-இல் மேயர், கேண்டி என்ற இருவர் அந்தச் சுரப்பியை அரைத்த சாற்றை வெட்டுக்கிளிக்கு ஊசியாகப் போட்டபோது அதன் இரத்தத்தில் கொழுப்பு ஏறியது. அதில் ஒரு ஹார்மோன் இருக்கிறது என்று கண்டு அடிப்போகைனெட்டிக் ஹார்மோன் என்று அழைத்தார்கள், கொழுப்பை நகரவைப்பது என்ற பொருளில். 1976-இல் அதன் அமைப்பும் தெரியவந்தது. வெறும் பத்து அமினோ அமிலங்கள் கோத்த சிறு மாலை. பறக்க ஆரம்பித்ததும் இந்த ஹார்மோன் இரத்தத்தில் இறங்கிக் கொழுப்பு உறுப்பின் செல்களைத் தட்டும். செல்லுக்குள் இருக்கும் நொதிகள் விழித்துக்கொண்டு எண்ணெய்த் துளியின்மேல் வேலையைத் தொடங்கும். கடைசியில் டைகிளிசரைடு தயாராகிச் செல்லின் ஓரத்துக்கு வரும். நமக்குப் பட்டினியின்போது குளுக்ககான் என்ற ஹார்மோன் செய்வதற்கு ஏறக்குறைய இணையான வேலை இது.

அப்புறம் ஏற்றுமதி. செல்லின் ஓரத்துக்கு வந்த டைகிளிசரைடு தானாக உருண்டைக்குள் தாவிவிடாது. அதற்கு ஒரு சுமைதூக்கி வேண்டும். 1986-இல் ராபர்ட் ரயனும் கூட்டாளிகளும் மாண்டுகா என்ற அந்துப்பூச்சியின் இரத்தத்தில் இதைக் கண்டறிந்தார்கள். புகையிலைச் செடியைத் தின்னும் பருத்த பச்சைப் புழு வளர்ந்து ஆகிற அந்துப்பூச்சி அது. இந்தச் சுமைதூக்கியும் பெரிய புரத உருண்டைதான், பெயர் லிப்பிட் கடத்தும் துகள். அளவில் கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் அது இல்லாவிட்டால் ஏற்றுவது தடைப்பட்டுவிடும்.

இந்த இடத்தில் தண்ணீர் கேன் உவமை போதாமல் போகிறது. கேனுக்குக் கொள்ளளவு ஒன்றுதான், லிப்போஃபோரின் உருண்டையோ கொழுப்பு ஏற ஏறப் பெருக்கும். பெருத்தால் தோல் போதாது. டைகிளிசரைடு மேற்பரப்பில் எட்டிப் பார்க்கும், தண்ணீரோடு உரசும், உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அபாயம் வரும். இதைச் சமாளிக்கப் பூச்சியின் இரத்தத்தில் மூன்றாவதாக ஒரு சின்னப் புரதம் தனியாக மிதந்துகொண்டே இருக்கிறது. அப்போலிப்போஃபோரின் மூன்று என்பார்கள். ஐந்து சுருள்கள் கட்டாகச் சேர்ந்தது அதன் வடிவம். எண்ணெயை விரும்பும் பக்கங்களை எல்லாம் உட்பக்கமாக மடக்கி வைத்திருப்பதால் தண்ணீரில் நிம்மதியாக மிதக்கும். டைகிளிசரைடு எட்டிப் பார்க்கும் உருண்டையைக் கண்டதும் அந்தக் கட்டு கீலில் திறப்பதுபோல் திறந்துகொண்டு, சுருட்டி வைத்த பாயை உதறி விரித்ததுபோல் உருண்டையின்மேல் படிந்துவிடும். எண்ணெய்ப் பக்கம் கீழே, தண்ணீர்ப் பக்கம் மேலே. திறந்து கிடந்த இடம் மூடப்பட்டாயிற்று. இன்னும் கொழுப்பு ஏற்றலாம், இன்னொரு பாய் விரிக்கலாம். ஓய்வில் இருக்கும் மாண்டுகாவின் உருண்டையில் இப்படி 2 புரதங்கள் இருக்கும். பறக்கும் நிலையில் 16 வரை ஏறிவிடும். ஓய்வில் அந்த உருண்டையின் அடர்த்தி 1.12 அளவில் இருக்கும். கொழுப்பு ஏற ஏற அது குறைந்து தண்ணீரின் அடர்த்தியை நெருங்கி வரும். ஒரு மில்லிலிட்டர் இரத்தம் சுமக்கும் கொழுப்பு இதனால் பல மடங்கு கூடுகிறது.

அந்தச் சின்னப் புரதத்தை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்புதான். வேலை இல்லாதபோது தனியாக மிதக்கும். வேலை வந்தால் தன் உருவத்தையே பிரித்துப் போட்டுப் படுத்துக்கொள்ளும். வேலை முடிந்தால் மறுபடி எழுந்து மடங்கிக்கொள்ளும்.

முடியும் இடம் சிறகுத் தசை. அங்கே தசையின் மேற்பரப்பில் ஒரு நொதி காத்திருந்து டைகிளிசரைடை உடைத்து, கொழுப்பு அமிலங்களைத் தசைக்குள் அனுப்பும். உள்ளே போன கொழுப்பு அமிலம் தண்ணீரில் தத்தளிக்காமல் இருக்க, தசைக்குள்ளும் பிடித்துக்கொள்ள ஒரு புரதம் உண்டு. வளர்ந்த வெட்டுக்கிளியின் சிறகுத் தசையில் இது ஏராளமாக இருக்கும். சிறகு முளைக்காத குஞ்சுகளுக்கு அது தேவைப்படுவதில்லை. கொழுப்பு அமிலம் மைட்டோகாண்ட்ரியாவை அடைந்து எரிகிறது. வெளியே, சரக்கு இறங்கிய உருண்டை சுருங்குகிறது. விரித்த பாய்கள் ஒவ்வொன்றாகக் கழன்று மடங்கி மிதக்கின்றன. உருண்டையும் பாய்களும் அதே இரத்த ஓட்டத்தில் கொழுப்பு உறுப்புக்குத் திரும்புகின்றன.

கேன் உண்மையிலேயே திரும்புகிறதா என்று சந்தேகப்படுபவர்களுக்கு நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை நல்ல பதில். வெட்டுக்கிளியின் செல்களில் லிப்போஃபோரினைப் பிடிக்கும் ஓர் ஏற்பி உண்டு. அதுவும் நம் எல்டிஎல் ஏற்பியின் குடும்பம்தான். ஹாம்ஸ்டர் எலியின் செல்களில் இந்த ஏற்பியை வைத்து, ஒரே செல்லுக்கு மனித எல்டிஎல், லிப்போஃபோரின் இரண்டையும் கொடுத்தார்கள். இரண்டும் உள்ளே போயின. எல்டிஎல் சிதைக்கப்பட்டது. லிப்போஃபோரினோ உள்ளே ஒரு சுற்றுப் போய்விட்டு முழு உருவத்தோடு வெளியே வந்தது. பாலூட்டியின் செல்லுக்குள்கூட அதன் குணம் மாறவில்லை. விதிவிலக்கும் உண்டு: மாண்டுகாவின் முட்டை வளரும்போது லிப்போஃபோரினில் ஒரு பங்கை உள்ளேயே வைத்துக்கொள்கிறது. குஞ்சுக்குச் சீதனம்.

பறப்பதை மட்டும் சொல்லி நிறுத்தினால் லிப்போஃபோரினுக்கு அநியாயம் செய்ததாகும். சாப்பிட்ட கொழுப்பைக் குடலிலிருந்து கொழுப்பு உறுப்புக்குக் கொண்டுபோவதும் இதே கேன்தான். பூச்சிகளால் கொலஸ்ட்ராலைத் தாமாகச் செய்துகொள்ள முடியாது, உணவில் கிடைப்பதைத்தான் சுமந்து பகிர வேண்டும். கரப்பானின் ஓட்டில் இருக்கும் மெழுகு மினுமினுப்பு உடம்பிலுள்ள ஈரம் ஆவியாகாமல் காப்பது. அந்த மெழுகில் சேரும் ஹைட்ரோகார்பன்களை உள்ளிருந்து தோலுக்குக் கொண்டுவருவதும் இதுதான். அனாஃபிலிஸ் கொசுவுக்குள் வளரும் மலேரியா ஒட்டுண்ணியோ கொசு தன் முட்டைகளுக்கென்று ஓட்டும் இந்தக் கேனிலிருந்தே தனக்கு வேண்டிய கொழுப்பை உறிஞ்சிக்கொள்கிறது.

கண்ணால் பார்க்கக்கூடிய சான்று வேண்டுமா? பட்டுக்கூடு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பட்டு வளர்ப்பவர்களுக்கு மஞ்சள் கூடும் தெரியும், வெண்கூடும் தெரியும். அந்த மஞ்சள் புழு செய்த சாயம் அல்ல, அது தின்ற மல்பெரி இலையின் கரோட்டினாய்டு. குடலில் உறிஞ்சப்பட்ட நிறம் லிப்போஃபோரினில் ஏறி இரத்தத்தில் ஓடிப் பட்டுச் சுரப்பியில் இறங்குகிறது. அப்படிப்பட்ட புழுவின் இரத்தமே மஞ்சளாக இருக்கும். வெண்கூடு கட்டும் இனங்கள் பலவற்றில் கேன் இருக்கிறது, குடலில் கரோட்டினாய்டை வாங்கிக்கொடுக்க வேண்டிய புரதம் வேலை செய்வதில்லை. அதனால் இரத்தத்தில் நிறம் ஏறுவதே இல்லை. மஞ்சள் கூட்டின் நிறமும் பெரும்பாலும் செரிசின் என்ற பசையில்தான் தங்கியிருக்கும், பட்டைக் கொதிக்க வைத்துப் பசை நீக்கும்போது போய்விடும்.

எல்லாப் பூச்சிகளும் கொழுப்பில்தான் பறக்கின்றன என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தேனீ முழுக்கச் சர்க்கரையில் பறக்கிறது. ஆப்பிரிக்காவில் தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈயின் வழி இன்னும் வேறு. அது குடிப்பது வெறும் இரத்தம், சர்க்கரை கிடைக்காது. கொழுப்பு நிறையவே சேர்த்து வைத்திருக்கிறது, ஆனால் சிறகுக்கு அதைக் கொழுப்பாக அனுப்புவதில்லை. கொழுப்பு உறுப்பிலேயே கொழுப்பை உடைத்து, அந்தத் துண்டுகளை அலனின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்த்து புரோலின் என்ற இன்னொரு அமினோ அமிலமாக ஆக்கிவிடும். புரோலின் தண்ணீரில் கரையும். தோல், சுமைதூக்கி, பாய் எதுவும் வேண்டாம். தசை அதைப் பாதி எரித்துவிட்டு மிச்சத்தை அலனினாகத் திருப்பி அனுப்புகிறது. அந்த அலனின் கொழுப்பு உறுப்புக்குப் போய் மறுபடி கொழுப்பைச் சுமந்துகொண்டு வருகிறது.